பதற்றத்துக்கு முன்பே எடுத்த முடிவு

1746-ஆம் ஆண்டு. அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, சாந்தோம் கரையில், ஆற்காடு நவாபின் மகன் மஃபூஸ் கான் பெரும்படையுடன் வழிமறித்து நின்றார். பத்தாயிரம் பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எதிரே, புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற தளபதியின் பிரெஞ்சுப் படை. ஐரோப்பியர்களும் இந்தியச் சிப்பாய்களுமாகக் கூட்டினாலும் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். பீரங்கியும் கிடையாது. அவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள். வரிசை குலையாமல் ஒரே நேரத்தில் சுட்டார்கள். துப்பாக்கி முனையில் கத்தி செருகி முன்னேறினார்கள். நவாபின் படை சிதறியது.

அந்தப் படையினரில் பெரும்பகுதியினர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். எதிரே நின்றவர்களைவிட அவர்களுக்கு வீரம் அதிகம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. குண்டு பறக்கும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே பழக்கப்படுத்தப்பட்டிருந்தது, வேறுபாடு அதுதான். இன்று ராணுவத்தினர் எஸ்.ஓ.பி. (எழுதிவைத்த நிலையான நடைமுறை) என்றும் டிரில் (திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி) என்றும் சொல்வதன் ஆற்றலைத் தென்னிந்தியா கண்ணால் கண்ட நாள் அது. இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலேயர்களும் கடலூர்ப் பக்கம் தங்கள் சிப்பாய்களை அதே வழியில் பழக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் இதே டிரில்தான் பல படைகளைக் குழியில் தள்ளியும் இருக்கிறது. எழுதிவைத்த நடைமுறை எப்போது உயிரைக் காக்கிறது, எப்போது உயிரை எடுக்கிறது? நானூறு ஆண்டு போர் அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால் இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது.

கைக்குப் பாடம், மனதுக்கு ஓய்வு

கதை நெதர்லாந்தில் தொடங்குகிறது. ஸ்பெயினுடன் போரிட்டுக்கொண்டிருந்த டச்சுத் தளபதி மாரிஸுக்கு அவருடைய உறவினர் வில்லியம் லூயி 1594-இல் ஒரு கடிதம் எழுதினார். பழைய கிரேக்க, ரோமானியப் படை நூல்களைப் படித்து அவர் கண்டெடுத்த யோசனை அதில் இருந்தது: முதல் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்து கெட்டிக்கட்டும், அதற்குள் அடுத்த வரிசை சுடட்டும். அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை நிரப்பவே நெடுநேரம் பிடிக்கும். ஒருவன் தடுமாறினாலும் சுழற்சி முழுவதும் நின்றுவிடும். ஆகவே துப்பாக்கியைக் கையாளும் வேலையை நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அசைவுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படம் போட்டு யாகோப் டி ஹெய்ன் என்ற ஓவியர் 1607-இல் வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது.

படிக்கத் தெரியாத விவசாயி மகனும் அந்தப் படங்களைப் பார்த்துக் கற்கலாம். பயத்தில் மூளை உறைந்தாலும் கை தன் வேலையைச் செய்யும். போர்க்களத்தில் மனிதனின் கவனம் மிகச் சுருங்கிவிடுகிறது. சத்தம், புகை, பக்கத்தில் விழுந்தவனின் அலறல் எல்லாம் அதைத் தின்கின்றன. மிஞ்சும் கொஞ்சக் கவனத்தையும் துப்பாக்கியை நிரப்பும் வேலைக்கே செலவழித்தால், எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்க்க எதுவும் இருக்காது. டிரில் சிப்பாயை இயந்திரமாக்குகிறது என்ற குற்றச்சாட்டு பழையது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் கைகளை இயந்திரமாக்கியதால்தான் கண்ணும் மனமும் விடுதலை பெற்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விமானம் வந்தபோது இதே பாடத்தை மறுபடி கற்க வேண்டியிருந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட் தளத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் எழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் ராணுவத்தின் மிகத் தேர்ந்த விமானிகளில் ஒருவர். வால்பகுதி அசையாமலிருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். விமானம் மனித நினைவாற்றலை மிஞ்சிவிட்டது என்பது புரிந்தது. ராணுவ விமானிகள் புறப்பாட்டுக்கும் தரையிறக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தார்கள். பின்னர் பி-17 என்ற பெயரில் அதே விமானம் 12,000-க்கு மேல் கட்டப்பட்டு இரண்டாம் உலகப் போரில் பறந்தது. தேர்ந்தவருக்கும் பட்டியல் வேண்டும் என்பது அன்று முதல் வானில் சட்டம்.

உடம்பு கேட்காத துணிச்சல்

எஸ்.ஓ.பி. என்றால் கோழைத்தனம், காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு இமயமலை நல்ல பதில் தரும். 1962-இல் சீனப் படையெடுப்பை எதிர்கொள்ளச் சமவெளியிலிருந்த இந்திய வீரர்கள் பருத்திச் சீருடையுடன் அவசர அவசரமாக மலை உச்சிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். எதிரியின் குண்டுக்கு முன்பே மெல்லிய காற்று பலரைச் சாய்த்தது. நுரையீரலில் நீர் கோத்து, திடகாத்திரமான இளைஞர்கள் படுத்த படுக்கையானார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து இந்திய ராணுவ மருத்துவர்கள் செய்த ஆய்வுகள் உலகின் உயர்மலை மருத்துவத்துக்கு முக்கிய அடிப்படையாயின. 1969-இல் இந்தர் சிங்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, உயர்மலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றியது. இன்று லடாக் போகும் வீரர் 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் ஆறு நாள், 15,000 அடி வரை மேலும் நான்கு நாள், அதற்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கிய பிறகே பணிக்குச் செல்கிறார். எவ்வளவு வலுவான ஆளானாலும் இந்தப் பதினான்கு நாளைச் சுருக்கக் கூடாது என்பது விதி. வலுவான ஆள்தான் ஆபத்தில் இருக்கிறார். தன்னால் முடியும் என்று நம்பி வேகமாக ஏறுகிறவர் அவரே. தனி மனிதரின் தன்னம்பிக்கையை நம்பாமல் பல நூறு பேரின் உடம்பு சொன்னதை நம்புவதுதான் இங்கே நடைமுறையின் வேலை.

திறந்து கிடந்த கதவுகள்

எஸ்.ஓ.பி. பற்றிய விவாதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1916 மே 31 அன்று வடகடலில் நடந்த ஜட்லாண்ட் போர். ஒரே நாளில் பிரிட்டனின் மூன்று பெரும் போர்க்கப்பல்கள், இன்டிஃபாட்டிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள், வெடித்துச் சிதறின. மூன்றிலும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கப்பல் பீரங்கியின் கோபுரத்துக்குக் கீழே பல தளங்கள் தாண்டி வெடிமருந்து அறை இருக்கும். மேலே ஒரு குண்டு விழுந்து தீப்பிடித்தால் அந்தச் சுடர் கீழே இறங்காமலிருக்கக் கதவுகள் உண்டு. அவற்றை மூடி வைக்க வேண்டும், தேவையான மருந்துப் பொதிகளை மட்டுமே வெளியே எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பிரிட்டிஷ் போர்க்கலப் பிரிவில் வேகமாகச் சுடுவதே பெருமை. வேகத்துக்கு இடைஞ்சலான கதவுகள் திறந்தே கிடந்தன; மருந்துப் பொதிகள் வழியெல்லாம் அடுக்கிக் கிடந்தன. விதியை யாரும் ரத்து செய்யவில்லை. அது இருந்தபடியே இருந்தது, நடைமுறையில் மட்டும் இல்லை.

எதிரணியின் கதை வேறு. 1915 ஜனவரியில் டாகர் பேங்க் போரில் ஜெர்மன் கப்பலான ஸைட்லிட்ஸில் பின்பக்கக் கோபுரங்கள் இரண்டும் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். கப்பல் எப்படியோ தப்பியது. ஜெர்மானியர்கள் அந்தச் சாம்பலிலிருந்து பாடம் எடுத்து மருந்துப் பொதிகளைக் கையாளும் முறையை இறுக்கினார்கள். அதே போரிலிருந்து பிரிட்டிஷார் எடுத்த பாடம், இன்னும் வேகமாகச் சுட வேண்டும் என்பது.

ஆனால் பிரிட்டிஷ் அணியில் ஒரு கப்பல் விதிவிலக்கு. லயன் கப்பலுக்கு மாற்றலாகி வந்த தலைமை கன்னர் அலெக்சாண்டர் கிராண்ட், திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்துத் திகைத்தார். வெளியே கிடக்கும் பொதிகளைக் குறைத்தார், கதவுகளை அடைக்க வைத்தார். அப்படிச் செய்தாலும் பீரங்கிகளின் வேகம் குறையவில்லை என்பதைச் செய்தே காட்டினார். ஜட்லாண்டில் லயனின் ஒரு கோபுரத்தில் குண்டு விழுந்தது. அங்கே மரண காயம் அடைந்திருந்த மேஜர் ஹார்வி, மருந்து அறையில் நீரைத் திறந்துவிடக் கட்டளையிட்டார். சற்று நேரத்தில் சுடர் கோபுரத்தின் அடி வரை இறங்கியது. ஆனால் கதவுகள் மூடியிருந்தன. கப்பல் மிதந்தது.

ஹார்விக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது, தகுதியான விருது. எனினும் அவருடைய கட்டளை பலிப்பதற்கான இடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே ஒரு கன்னர் அமைத்து வைத்திருந்தார். வீரமும் நடைமுறையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

விதி எப்படி நழுவுகிறது

ஜட்லாண்ட் ஒரு தனி விபத்தாக இருந்திருந்தால் மறந்துவிடலாம். அதே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது.

1967 ஜூலை 29 அன்று வியட்நாம் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஃபாரஸ்டலின் தளத்தில் ஒரு ராக்கெட் தானாகவே பாய்ந்தது. தீயும் தொடர்ந்த குண்டுவெடிப்புகளும் 134 பேரைக் கொன்றன. ராக்கெட்டுக்கு இரண்டு காப்புகள் இருந்தன: ஒரு பாதுகாப்பு ஊசி, பிரித்தே வைக்கப்படும் ஒரு மின் இணைப்பு. விமானம் புறப்படும் கடைசி நிமிடம் வரை ஊசியை எடுக்கக் கூடாது, இணைப்பைக் கொடுக்கவும் கூடாது. நேரத்தை மிச்சப்படுத்த இணைப்பை முன்பே கொடுத்தார்கள், ஊசி இருக்கிறதே என்று. ஊசியையும் முன்பே எடுத்தார்கள், இணைப்பு இல்லையே என்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமான சலுகைகள். இரண்டும் ஒரே தளத்தில் சந்தித்தன. தேர்ந்த தீயணைப்புக் குழு முதல் வெடிப்பிலேயே மாண்டுபோக, பயிற்சியில்லாத மாலுமிகள் தீயை அமுக்கிய நுரையை நீர் பாய்ச்சிக் கழுவிவிட்டார்கள். அதன் பிறகுதான் கப்பலில் உள்ள எல்லாருக்கும் தீயணைப்புப் பயிற்சி என்ற நிலை வந்தது.

1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில், தெளிந்த வானத்தில், அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள் அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர்கள் அந்தப் பகுதிக்குரிய அடையாளக் குறியீட்டைப் பயன்படுத்தவில்லை. போர் விமானங்கள் கேட்கும் அலைவரிசையிலும் இல்லை. கண்காணிப்பு விமானம் மேலே இருந்தும் எச்சரிக்கவில்லை. இதை ஆராய்ந்த ஸ்காட் ஸ்னூக், முன்பு கிரனடாவில் தம் படையின் விமானத் தாக்குதலிலேயே காயம்பட்ட ராணுவ அதிகாரி. அவர் கண்டது இது: தலைமையகம் எழுதிய விதிகள் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு பிரிவும் தன் அன்றாட வசதிக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிச் சென்றது. யாரும் எதையும் மீறியதாக உணரவில்லை. மூன்று ஆண்டு எதுவும் நடக்கவில்லை. பிறகு, எல்லாரும் விதிப்படி நடப்பார்கள் என்று எல்லாரும் நம்பிய அந்த ஒரு கணத்தில், அத்தனை விலகலும் ஒன்றுகூடின. இந்த மெல்லிய நழுவலைத்தான் 2000-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார்.

நமக்கும் இது புதிதல்ல. 2019 பிப்ரவரி 27 அன்று, பாகிஸ்தானின் பாலகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலுக்கு மறுநாள், ஸ்ரீநகர் அருகே பட்காமில் இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்து விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அதை வீழ்த்தியது நம் ஏவுகணையே, அது பெரும் தவறு என்று விமானப்படைத் தலைமைத் தளபதி அந்த ஆண்டு அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஹெலிகாப்டரின் அடையாள சமிக்ஞைக் கருவி அணைந்திருந்ததாகவும் எஸ்.ஓ.பி. மீறல்கள் நடந்ததாகவும் விசாரணை பற்றிய செய்திகள் கூறின. இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில், வேறு நாட்டில், அதே வடிவம்.

எதிரியும் படிக்கிறான்

விதியை அப்படியே பின்பற்றினால் போதுமா? வடக்கு அயர்லாந்தின் வாரன்பாயிண்ட் இல்லை என்கிறது. 1979 ஆகஸ்ட் 27 அன்று சாலையோரம், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு வைத்த குண்டு ஆறு பிரிட்டிஷ் வீரர்களைக் கொன்றது. குண்டுவெடிப்புக்குப் பின் அருகிலுள்ள மறைவான இடத்தில் கூடிக் கட்டுப்பாட்டு முகாம் அமைப்பது படையின் வழக்கம். ஐ.ஆர்.ஏ. அதைப் பலமுறை கவனித்திருந்தது. அவர்கள் எங்கே கூடுவார்கள் என்று கணித்து அங்கே இரண்டாவது குண்டை வைத்திருந்தது. 32 நிமிடம் கழித்து அது வெடித்தது. மேலும் பன்னிரண்டு பேர். அங்கே யாரும் விதியை மீறவில்லை. ஒரு நடைமுறை எந்த அளவுக்கு ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதோ அந்த அளவுக்கு எதிரிக்கு அது திறந்த புத்தகம்.

இதற்கு மறுமுனையில் 1973 அக்டோபர்ப் போரைச் சொல்லலாம். எகிப்தியக் காலாட்படையின் சாகர் ஏவுகணைகள் இஸ்ரேலிய டாங்கிகளை முதல் நாட்களில் வரிசையாக வீழ்த்தின. அந்த ஏவுகணை இலக்கைத் தொடும் வரை, செலுத்துபவர் அதைக் கம்பி வழியே ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கண்டுகொண்ட டாங்கிக் குழுக்கள் போருக்கு நடுவிலேயே புது டிரில் வகுத்தன: ஏவும் புகையைக் கண்டவுடன் எல்லாருக்கும் எச்சரிக்கை, உடனே நகர்தல், புகை வந்த இடத்தை நோக்கிச் சரமாரியாகச் சுடுதல். ஓட்டுபவரின் கவனம் சிதறினால் ஏவுகணையும் சிதறும். சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ள முடிந்த படை தாக்குப்பிடித்தது.

இரு தரப்பும் சேர்ந்து வகுத்த நடைமுறைகள் வேறு வகை. இந்திய-சீன எல்லையில் 1996, 2005 உடன்பாடுகளின்படி, வழியில் சந்திக்கும் ரோந்துப் படைகள் பதாகை விரித்துக் காட்டி, சுடாமல் விலக வேண்டும். போர் வராமலிருக்கவே அந்த எஸ்.ஓ.பி. பல ஆண்டுகள் அது பயன் தந்தது. 2020 ஜூன் 15 இரவு லடாக் எல்லையின் கல்வானில் குண்டு சுடப்படவில்லை. ஆனால் கல்லும் ஆணி பதித்த தடியும் பேசின. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட 20 இந்திய வீரர்கள் உயிர் நீத்தார்கள். எதிர்த்தரப்பும் மதிக்கும் வரைதான் இத்தகைய விதிக்கு ஆயுள்.

யார் கையில் எந்த விதி

நடைமுறையின் எல்லையைத் தெளிவாக வரைந்தவர் பிரஷ்ய ராணுவச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ். 1806-இல் யேனாப் போரில் நெப்போலியன் பிரஷ்யப் படையை நொறுக்கியபோது அவரும் அந்தப் படையில் இருந்தார். பின்வாங்கும் வழியில் சிறைப்பட்டார். அன்று உலகிலேயே கச்சிதமான டிரில் பிரஷ்யாவுடையதுதான். சிப்பாய்கள் பிழை செய்யவில்லை. தளபதிகள்தான், இறந்து இருபது ஆண்டான ஃபிரெடெரிக் மன்னரின் சாய்வு அணிவகுப்பை, நிலம் மாறியும் எதிரி மாறியும், ஒருவர் பின் ஒருவராக அப்படியே போட்டுத் தோற்றார்கள்.

கிளாஸ்விட்ஸ் இறந்த பிறகு 1832 முதல் வெளிவந்த அவருடைய நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. படையில் கீழே போகப் போக வழக்கமுறை தேவை, மேலே போகப் போக அது ஆபத்து என்பது அதன் சாரம். நூறு முறை திரும்ப வரும் காரியத்துக்கு வழக்கமுறை பொருந்தும்: துப்பாக்கி நிரப்புவது, காவல் மாற்றுவது, காயத்தைக் கட்டுவது. ஒரு போர் முழுவதையும் நடத்துவது ஒரே ஒருமுறை வரும் காரியம். அதற்கு முந்தைய போரின் சூத்திரம் விடையாகாது. பிற்காலத்தில் ஜெர்மன் படை வளர்த்த முறை, நோக்கத்தைச் சொல்லிவிட்டு வழியைக் கீழ்நிலை அதிகாரியிடமே விட்டுவிடும் முறை, இந்தத் தோல்வியின் பிள்ளை. ஆனால் அதற்கும் அடித்தளம் டிரில்தான். கீழே அடிப்படை வேலைகள் பழக்கத்தால் நடந்தால்தான் நடுவில் இருப்பவர் துணிந்து புது வழி தேட முடியும்.

காரணம் தெரிந்த விதி

இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: ஒரு நடைமுறையின் பலம் அது எவ்வளவு கண்டிப்பானது என்பதில் இல்லை, அதைச் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் காரணம் தெரியும் என்பதில் இருக்கிறது. கதவை ஏன் மூட வேண்டும் என்று அறியாத மாலுமி, வேகம் கேட்கப்பட்டதும் திறந்துவிடுவான். காரணம் தெரிந்தவன் மூடுவான்; காரணம் இல்லாமல் போகும்போது மாற்றச் சொல்லிக் கேட்கவும் செய்வான். நழுவலுக்கும் இறுக்கத்துக்கும் மருந்து ஒன்றே.

அமெரிக்க ராணுவத்தின் 75-ஆவது ரேஞ்சர் படைப்பிரிவு இதற்கு நல்ல சான்று. கை, கால் காயத்தில் இரத்தம் கொட்டுவது போரில் தடுக்கக்கூடிய சாவு. ஆனால் இறுக்குப்பட்டையைக் கடைசி வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்பது நெடுங்கால மருத்துவப் பாடம். சாலை விபத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. 1996-இல் ராணுவ மருத்துவர்கள் சிலர் போர்க்கள இறப்புகளை ஆராய்ந்து அதைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் எதிரியை அடக்கு, உடனே பட்டையை இறுக்கு, மற்றவை பிறகு. ரேஞ்சர்கள் இதை மருத்துவ உதவியாளரோடு நிறுத்தாமல் படையின் ஒவ்வொருவருக்கும், தளபதிகளுக்கும் கற்பித்தார்கள். ஒவ்வொரு காயத்தையும் பதிவு செய்து, ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்து, முறையைத் திருத்திக்கொண்டே போனார்கள்.

2001 முதல் 2010 வரை ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் அவர்களில் போர்க்காயம் பட்டவர்கள் 419 பேர். அவர்களில் 32 பேர் இறந்தார்கள். மருத்துவமனையை அடையும் முன் தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் இறந்தவர் ஒருவரும் இல்லை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கப் படைகள் முழுவதிலும் மருத்துவமனையை அடையும் முன் இறந்தவர்களில் நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் இரத்தப்போக்கால் இறந்தவர்கள்.

அப்படி இறந்தவர்களில் சிலருக்கும் ரேஞ்சர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பட்டையும் அதற்கான பயிற்சியும். மூன்று கப்பல்களுக்கும் லயனுக்கும் நடுவே இருந்தது ஒரு கதவு. கதவை மூடும் விதி நான்கு கப்பல்களிலும் எழுத்தில் இருந்தது. கிராண்ட் செய்ததெல்லாம், கதவை மூடினாலும் பீரங்கி அதே வேகத்தில் சுடும் என்று தம் ஆட்களுக்குக் கண்ணெதிரே காட்டியதுதான்.